ஆறு தீவுகளும் ஒரு மாணவரும்

பள்ளி ஒன்றின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் நாற்பது மாணவர்கள் படித்தனர். இன்றும் அவ்வகுப்பில் நாற்பது பேர் படிக்கின்றனர். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர், வகுப்பு மாறவே இல்லை என்று சொல்லிவிடுவார். பெயர்களைப் படிப்பவருக்கோ, பழைய மாணவர் ஒருவர்கூட அங்கு இல்லை என்பது உடனே விளங்கிவிடும்.

ஒரு காட்டிலோ, ஏரியிலோ, தீவிலோ வாழும் உயிரினங்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம். அங்குள்ள இனங்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்குமானால், அங்கு எந்த மாற்றமும் இல்லை என்று பொருளா? அல்லது பழையவை போய்ப் புதியவை வந்துகொண்டே இருக்கின்றனவா? இன்று உலகெங்கும் உயிரினப் பன்மை எவ்வாறு மாறி வருகிறது என்று ஆராயும் இளம் சூழலியலாளர்கள் அனைவரும் இக்கேள்வியை எதிர்கொள்கின்றனர். இதற்கு விடை காண முதன்முதலில் துணிந்து ஒரு சோதனையைச் செய்தவர்களுள் ஒருவர், அப்போது பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்த 24 வயது மாணவர். அவர் பெயர் டேனியல் சிம்பர்லாஃப். அவருடைய சோதனைக்கூடம், அமெரிக்காவின் தென்கோடியில் கடற்சேற்றில் நின்ற ஆறு சின்னஞ்சிறு தீவுகள்.

தீவுகள் கற்பித்த பாடம்

தீவுகள் இயற்கை ஆராய்ச்சியாளர்களுக்கு எப்போதும் நல்ல ஆசான்களாக இருந்து வந்துள்ளன. டார்வினுக்குக் காலபாகஸ் தீவுகளும், வாலஸுக்கு மலேயத் தீவுக்கூட்டமும் எவ்வளவு கற்பித்தன என்பதை நாம் அறிவோம். பெரிய தீவில் மிகுதியான இனங்களும் சிறிய தீவில் குறைவான இனங்களும் வாழ்கின்றன என்பதும், பெருநிலத்துக்கு அண்மையிலுள்ள தீவைவிடத் தொலைவிலுள்ள தீவில் இனங்கள் குறைவு என்பதும் முன்பே தெரிந்திருந்தன. ஆனால், ஏன் அப்படி என்பதற்குத் தெளிவான விளக்கம் இல்லை.

அவ்விளக்கத்தைத் தந்தவர்கள் இருவர். ஒருவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எறும்புகளை ஆராய்ந்து வந்த எட்வர்டு வில்சன் (1929-2021). சிறுவயதில் மீன் பிடிக்கும்போது நேர்ந்த விபத்தில் வலக்கண் பார்வையை இழந்தவர். மிஞ்சிய ஒரு கண்ணால் அருகிலுள்ள சிற்றுயிர்களை உற்று நோக்கப் பழகி, எறும்புகளின் உலகில் புகுந்தவர். மற்றவர் ராபர்ட் மெக்கார்தர் (1930-1972). கணிதம் பயின்று, பின்னர்ப் பறவைகளின் சூழலியலுக்கு வந்தவர். பெயர்களையும் இடங்களையும் அறிந்த ஒருவரும், எண்களையும் வளைகோடுகளையும் அறிந்த ஒருவரும் சேர்ந்து 1963-இல் ஒரு கட்டுரையையும், 1967-இல் ஒரு நூலையும் வெளியிட்டனர். தீவு உயிர்ப்பரவல் கொள்கை என்று அது வழங்கலாயிற்று.

கொள்கை எளியது. நகரப் பேருந்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். காலியாக நிற்கும் பேருந்தில் ஏறுவோர் பலர், இறங்குவோர் எவருமில்லை. கூட்டம் சேரச் சேரப் புதிதாக ஏறுவோர் குறைகின்றனர். உள்ளே பலர் இருப்பதால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்குவோர் மிகுகின்றனர். ஒரு கட்டத்தில் ஏறுவோரும் இறங்குவோரும் சமமாகிவிடுகின்றனர். அதன்பின் பயணிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மாறாமல் இருக்கும். ஆட்கள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

தீவிலும் இவ்வாறே நிகழ்கிறது என்றனர் அவ்விருவரும். வெறுந்தீவுக்கு வந்து சேரும் ஒவ்வோர் இனமும் புதிய இனமே. இனங்கள் பெருகியபின் வருபவற்றுள் பெரும்பாலானவை ஏற்கெனவே அங்கு இருப்பவையாக இருக்கும். ஆகவே, புதிய குடியேற்றம் குறையும். அதே சமயம், பல இனங்கள் நெருங்கி வாழும்போது ஒவ்வொன்றின் தொகையும் சிறுத்து, சில இனங்கள் அத்தீவிலிருந்து அற்றுப்போகும். வரவும் மறைவும் சமமாகும் இடத்தில் எண்ணிக்கை நிலைபெறும். தொலைவிலுள்ள தீவுக்கு வரவு குறைவு. சிறிய தீவில் மறைவு மிகுதி. தொலைவும் பரப்பும் இனங்களின் எண்ணிக்கையை நிர்ணயிக்கும் காரணம் இதுவே.

கேட்பதற்கு அழகாகத்தான் இருந்தது. சான்று வேண்டுமே! இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை 1883 ஆகஸ்டில் வெடித்தபோது அத்தீவின் உயிர்கள் அழிந்தன. பின்னர் அங்குக் குடியேறிய நிலப் பறவைகளைப் பல்வேறு காலங்களில் கணக்கெடுத்திருந்தனர். 1908-இல் 13 இனங்கள் இருந்தன. 1919-21-இல் 27 இனங்கள். 1932-34-இலும் 27 இனங்களே. ஆனால், முதல் 27-இல் சில மறைந்து, வேறு சில அவற்றின் இடத்துக்கு வந்திருந்தன. கொள்கைக்கு இது நல்ல ஆதரவுதான். எனினும் ஒரே ஒரு தீவு; அதைக் கணக்கெடுத்தவர்களோ பல தலைமுறையினர். இன்னொரு கிரகடோவா வெடிக்கும்வரை எந்த ஆராய்ச்சியாளரும் காத்திருக்க முடியாது.

சிறிய கிரகடோவாக்கள்

வில்சன் வேறு வழியில் சிந்தித்தார். தீவு எவ்வளவு பெரிது என்பது அதில் வாழும் உயிரைப் பொறுத்தது. யானைக்கு இலங்கை ஒரு தீவு. எறும்புக்கும் சிலந்திக்கும் ஒற்றை மரமே ஒரு தீவாகலாம். அப்படியானால், தீவைச் சிறிதாக்கிவிட்டால் காலமும் சுருங்கிவிடும் அல்லவா? நூறாண்டில் நிகழ்வதை ஓராண்டில் பார்த்துவிடலாம்.

அத்தகைய தீவுகளை அவர் பிளாரிடா மாநிலத்தின் தென்முனையில் கண்டார். அங்கே ஆழமில்லாத கடலில் கண்டல் மரங்கள் தனித்தனிக் கூட்டங்களாக நிற்கின்றன. நம் பிச்சாவரத்தில் நீருக்குள் தாங்குவேர்களை ஊன்றி நிற்கும் சுரபுன்னையின் நெருங்கிய உறவினம் அது. அக்கண்டல் தீவுகளில் மண்தரை என்பதே கிடையாது. அலையின்மேல் நிற்கும் கிளைகளும் இலைகளும் வேர்களும்தாம் தீவு. சிலவற்றின் குறுக்களவு 11, 12 மீட்டர்தான். ஆனாலும், அவற்றில் பூச்சிகள், சிலந்திகள், பூரான்கள், சிற்றுண்ணிகள் எனக் கணுக்காலி இனங்கள் பல வாழ்ந்தன. அப்பகுதியின் ஆயிரக்கணக்கான பூச்சி இனங்களுள் சுமார் 75 இனங்களே இத்தகைய சிறு தீவுகளில் வழக்கமாகக் காணப்படுவன என்று மதிப்பிட்டனர். எண்ணி முடிக்கக்கூடிய தொகை அது.

இத்தீவுகள் சிலவற்றிலிருந்து கணுக்காலிகள் அனைத்தையும் அகற்றிவிட்டு, அவை மீண்டும் எவ்வாறு நிறைகின்றன என்று பார்ப்பதுதான் திட்டம். தேசியப் பூங்கா அதிகாரிகளிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது. சுற்றிலும் இதே போன்ற தீவுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றில் இதே இனங்கள் வாழ்ந்தன. மரங்களுக்குக் கேடு வராது. இந்த நிலையில்தான் அனுமதி கிடைத்தது.

கணிதத்திலிருந்து வந்த மாணவர்

இவ்வேலைக்கு வில்சனுடன் சேர்ந்தவர் சிம்பர்லாஃப். 1964-இல் ஹார்வர்டில் கணிதத்தில் பட்டம் பெற்றவர் அவர். கணிதத்தைத் தொடர்ந்திருந்தால் நிழலில் அமர்ந்து எழுதும் வாழ்க்கை கிடைத்திருக்கும். அவரோ உயிரியலைத் தேர்ந்தெடுத்துக் கடற்சேற்றில் இறங்கினார்.

அவர் ஏற்றுக்கொண்டது எத்தகைய பொறுப்பு என்பதை மாணவ வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டத்துக்காக ஆராய்பவருக்குச் சில ஆண்டுகளே உண்டு. முன்பே பலர் நடந்த பாதையில் சென்றால், ஏதேனும் ஒரு முடிவு கிடைக்கும் என்பது உறுதி. இங்கோ பாதையே இல்லை. ஒரு தீவின் கணுக்காலிகள் முழுவதையும் அகற்றும் முறையை எவரும் கண்டறிந்திருக்கவில்லை. மருந்து மரத்தையே கொன்றுவிடலாம். ஒரு புயல் வந்து தீவைக் கலைத்துவிடலாம். எல்லாம் சரியாக நடந்தபின் ஈராண்டு ஆகியும் தீவுக்கு எதுவும் வராமலே போகலாம். அவ்வாறு ஆனால், ஆராய்ச்சி உரையில் எழுத என்ன இருக்கும்?

முதல் வேலை கணக்கெடுப்பு. அகற்றுவதற்கு முன் எவை இருந்தன என்று தெரியாவிட்டால், பின்னர் வருவதை எதனோடு ஒப்பிடுவது? ஒவ்வொரு தீவிலும் இலையின் அடிப்புறம், பட்டையின் வெடிப்பு, உலர்ந்த கிளையின் உட்துளை என ஒன்றையும் விடாமல் தேடினர். சேறு காலை உள்ளே இழுத்தது. சேற்றில் அழுந்தாமல் நடப்பதற்காகச் சிம்பர்லாஃப் ஒட்டுப்பலகையால் அகன்ற மிதியடிகள் செய்து பார்த்தார். வெயில், கொசு, உப்புநீர் இவற்றினிடையே, விரல் நுனியளவுகூட இல்லாத உயிர்களை இனம் பிரித்தறிய வேண்டும். வில்சனுக்கு எறும்புகள் தெரியும். சிலந்திக்கும் சிற்றுண்ணிக்கும் மரப்பட்டைப் பேனுக்கும் அந்தந்தத் துறை வல்லுநர்களை நாட வேண்டியிருந்தது. அரிதான ஓர் உயிரை மாதிரிக்காகப் பிடித்துவிட்டால், அதனாலேயே அவ்வினம் தீவில் அற்றுப்போய்விடலாம்! ஆகவே, இயன்ற இடங்களில் படமெடுத்து அடையாளம் கண்டனர்.

கணிதம் பயின்ற அந்த இளைஞர் இங்கே கற்றது ஒரு முக்கியமான பாடம். சமன்பாட்டில் இனங்களின் எண்ணிக்கையை ஓர் எழுத்தால் குறித்துவிடலாம். தீவில் அந்த எழுத்துக்கு உருவம் கிடையாது. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அறிந்த பின்னரே எண்ண முடியும்.

தீவின்மேல் கூடாரம்

1966-இல் முதலில் பூச்சிமருந்தைத் தெளித்துப் பார்த்தனர். இலையிலும் கிளையிலும் இருந்தவை மடிந்தன. ஆனால், மரத்தைத் துளைத்து உள்ளே வாழ்ந்த வண்டின் புழுக்கள் போன்றவை பிழைத்துக்கொண்டன. அரைகுறையாக வெறுமையான தீவு சோதனைக்கு உதவாது.

அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளில் கரையான் பிடித்த வீடுகளை முழுவதுமாகக் கூடாரத்தால் மூடி, உள்ளே நச்சுவாயுவைச் செலுத்தும் வழக்கம் உண்டு. வீட்டுக்குச் செய்வதைத் தீவுக்குச் செய்தால் என்ன? மயாமி நகரத்தில் இத்தொழில் செய்து வந்த ஒரு நிறுவனம் முன்வந்தது. எவ்வளவு வாயுவைச் செலுத்தினால் பூச்சிகள் சாகும், மரம் பிழைக்கும் என்பதை முதலில் சோதித்து அறிந்தனர். பிறகு கடலுக்குள் சாரம் கட்டி, தீவை முழுவதுமாகத் துணியால் மூடி, மெதைல் புரோமைடு வாயுவைச் செலுத்தினர். பணியாளர்கள் நீரில் திரிந்த சுறாமீன்களைக் கண்டு தயங்கியபோது, பேராசிரியரும் மாணவரும் கையில் துடுப்புடன் காவல் நின்றனர்.

இவ்வாறு ஆறு தீவுகள் வெறுமையாக்கப்பட்டன. ஒன்று குடியேறிகள் வரக்கூடிய கரையிலிருந்து இரண்டு மீட்டர் தொலைவில் இருந்தது; மற்றொன்று அரைக் கிலோமீட்டருக்குச் சற்று அப்பால். வேறு இரண்டு தீவுகளை மருந்திடாமல் ஒப்பீட்டுக்காக அப்படியே விட்டுவிட்டு, அவற்றையும் கணக்கெடுத்தனர்.

இங்கு ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். மெதைல் புரோமைடு வானின் ஓசோன் படலத்தைக் கெடுப்பது என்று பின்னர் தெரியவந்தது. 1992-இல் அது மான்ட்ரியல் உடன்பாட்டின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1966-இல் இதனை எவரும் அறியார். இன்று இத்தகைய சோதனைக்கு அனுமதி கேட்கும் ஆராய்ச்சியாளர் இன்னும் பல கேள்விகளுக்கு விடை கூற வேண்டியிருக்கும். அதுவே முறையும் ஆகும்.

பதினெட்டு நாள்களுக்கு ஒரு முறை

கூடாரம் பிரிக்கப்பட்டது. தீவுகளில் மரங்கள் மட்டுமே இருந்தன. இனிக் காத்திருக்க வேண்டும். சிம்பர்லாஃப் ஏறத்தாழ 18 நாள்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு தீவையும் சுற்றி வந்து பார்த்துப் பதிந்தார். படகில் செல்வது, சேற்றில் இறங்குவது, கிளை கிளையாகத் தேடுவது, குறிப்பெழுதுவது, திரும்புவது என்பதே ஓராண்டு முழுவதும் அவருடைய வாழ்க்கையாயிற்று. ஒரு முறை சோம்பலால் தவறவிட்டால், அந்த இடைவெளியில் வந்து மறைந்த இனம் எக்கணக்கிலும் ஏறாது.

காத்திருப்பு வீண்போகவில்லை. சில நாள்களிலேயே முதல் குடியேறிகள் வந்து சேர்ந்தன. சிலந்திக் குஞ்சுகள் மெல்லிய நூலிழையை வெளிவிட்டுக் காற்றில் மிதந்து வந்தன. அந்துப்பூச்சிகளும் குளவிகளும் பறந்து வந்தன. மரப்பட்டைப் பேன்கள் காற்றோடு வந்தன. இறகு முளைத்த எறும்பு ராணிகள் வந்திறங்கி, இறகை உதிர்த்துவிட்டுப் புதிய குடும்பங்களைத் தொடங்கின. அண்மைத் தீவுக்கு இனங்கள் விரைவாக வந்தன. தொலைவுத் தீவுக்கு மெல்ல வந்தன.

சுமார் 250 நாள்கள் கழிந்தன. மிகத் தொலைவில் இருந்த ஒரு தீவைத் தவிர, மற்ற ஐந்திலும் இனங்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பழைய நிலையை எட்டிவிட்டது. அதற்குமேல் பெரிதாக ஏறவும் இல்லை. கொள்கை கூறியபடி, தொலைவிலுள்ள தீவில் எண்ணிக்கை குறைவாகவே இருந்தது.

இனி, பெயர்களைப் பார்ப்போம். எண்ணிக்கை பழையபடி திரும்பியிருந்ததே தவிர, இனங்கள் பழையவையாக இல்லை. முன்பு இருந்தவற்றுள் பல திரும்பவில்லை. முன்பு இல்லாதவை பல அங்குக் குடியேறியிருந்தன. மருந்திடாத இரண்டு தீவுகளிலும்கூட, எண்ணிக்கை பெரிதும் மாறாதிருக்க, பட்டியலில் பெயர்கள் மாறியிருந்தன. பதிவேட்டில் நாற்பது நாற்பதாகவே நிற்க, மாணவர்கள் மாறிவிட்ட கதைதான் இது!

1969-இல் வில்சனும் சிம்பர்லாஃபும் இம்முடிவுகளை வெளியிட்டனர். இப்பணிக்காக 1971-இல் அமெரிக்கச் சூழலியல் கழகத்தின் மெர்சர் விருது அவர்களுக்குக் கிடைத்தது. ஒரு கொள்கையை இயற்கைவெளியிலேயே சோதனையால் ஆராயலாம் என்பதைச் சூழலியலாளர்கள் கண்கூடாகக் கண்டனர்.

தன் முடிவையே மீண்டும் சோதித்தல்

இத்துடன் கதை முடிந்திருந்தால், அது வெற்றிக் கதையாக மட்டும் இருந்திருக்கும். சிம்பர்லாஃப் அங்கே நிற்கவில்லை.

பிளாரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரான பின் அவர் மீண்டும் கண்டல் தீவுகளுக்குச் சென்றார். பெரிய தீவில் இனங்கள் மிகுதி என்பது பரப்பினாலா, அல்லது பெரிய தீவில் பலவகை இருப்பிடங்கள் இருப்பதாலா என்பது அன்று தீராத வினா. கண்டல் தீவில் எங்கும் ஒரே மரம். எனவே, இருப்பிடத்தில் வேறுபாடு மிகக் குறைவு. அவர் சில தீவுகளின் ஒரு பகுதியை வெட்டிச் சிறிதாக்கினார். இனங்களின் எண்ணிக்கை குறைந்தது. பரப்பு சுருங்கினாலே இனங்கள் குறையும் என்பதை 1976-இல் வெளியிட்டார்.

அதே ஆண்டில் இன்னொரு கட்டுரையும் எழுதினார். அதில் தம் பழைய குறிப்புகளையே மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். தீவில் இனங்கள் மிக வேகமாக மாறிக்கொண்டே இருக்கின்றன என்று முன்பு கணக்கிட்டிருந்தனர். ஆனால், கணக்கில் ஏறிய வரவுகளும் மறைவுகளும் எல்லாம் உண்மையான குடியேற்றமும் அற்றுப்போதலும் தாமா? பறந்து செல்லும் வழியில் ஒரு நாள் தங்கிய குளவியைக் குடியேறி என்று கொள்ளலாமா? பேருந்தின் படியில் ஏறி, வழி கேட்டுவிட்டு இறங்கியவரைப் பயணியாக எண்ணுவது சரியாகாது அல்லவா? இத்தகைய வழிப்போக்கர்களை நீக்கிவிட்டுப் பார்த்தபோது, உண்மையான மாற்றத்தின் வேகம் முன்பு கணித்ததைவிட மிகக் குறைவு என்று அவரே அறிவித்தார்.

தமக்குப் புகழ் தேடித் தந்த ஆராய்ச்சியைத் தாமே உரைகல்லில் தேய்த்துப் பார்க்கும் மனம் எளிதில் வாய்ப்பதில்லை. அவ்வாறு செய்ய அவருக்கு முடிந்ததற்கு ஒரு காரணம், 18 நாள்களுக்கு ஒரு முறை எழுதிய குறிப்புகளில் மொத்த எண்ணிக்கை மட்டுமின்றி, ஒவ்வொரு பெயரும் இருந்ததே. எண்ணை மட்டும் குறித்து வைத்திருந்தால், மறு ஆய்வுக்கு வழியே இருந்திராது.

இது வெறும் ஏட்டுக் கணக்கும் அன்று. காடுகள் வெட்டப்பட்டுத் துண்டு துண்டாக நிற்கும் இடங்களில் ஒவ்வொரு துண்டும் தீவாகிவிடுகிறது. வனவிலங்குப் புகலிடம் ஒன்றைப் பெரிதாக அமைப்பதா, அதே பரப்பைப் பல சிறு புகலிடங்களாகப் பிரிப்பதா என்ற வாதம் அப்போது எழுந்தது. தீவுக் கொள்கையைக் கொண்டு பெரியதே சிறந்தது என்று 1975-இல் ஜாரெட் டயமண்ட் எழுதினார். அக்கொள்கையிலிருந்து அப்படி ஒரு பொது விதி கிடைத்துவிடாது என்று சிம்பர்லாஃபும் லாரன்ஸ் ஏபிலும் 1976-இல் மறுத்தனர். பல சிறு புகலிடங்களின் பட்டியல்களைச் சேர்த்துக் கூட்டினால் இனங்களின் எண்ணிக்கை குறையாமலும் இருக்கலாம். ஆனால், பரந்த காட்டில் மட்டுமே பிழைக்கும் இனங்கள் அப்பட்டியலில் உள்ளனவா என்பது வேறு கேள்வி. அதற்கும் பெயர்களைப் பார்த்தே விடை கூற வேண்டும்.

இவ்வாதத்தைக் கண்ட தாமஸ் லவ்ஜாய் 1979-இல் பிரேசிலின் மனாஸ் நகருக்கு அருகே, மேய்ச்சலுக்காகக் காடு அழிக்கப்படும் பகுதியில் 1, 10, 100 ஹெக்டேர் அளவுள்ள துண்டுகளைத் தனியே விட்டுவைத்து ஆராயத் தொடங்கினார். அங்குப் பறவைகளைப் பல்லாண்டுகள் கணக்கெடுத்ததில், ஏறத்தாழ 100 ஹெக்டேர் துண்டுகள், அடிமரக் காட்டில் வாழும் பறவை இனங்களில் பாதியைப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இழந்துவிடும் என்று தெரியவந்தது. இம்முடிவு 2003-இல் வெளியாயிற்று.

உலகம் முழுவதற்குமான பதிவேடு

இப்போது இன்றைய ஆராய்ச்சிக்கு வருவோம். உலக அளவில் உயிரினங்கள் அழிந்து வருகின்றன என்பதில் ஐயமில்லை. அப்படியானால், எந்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டாலும் அங்கு இனங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வர வேண்டும் என்று பலரும் எதிர்பார்த்தனர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியா டோர்னெலாஸும் அவர்தம் குழுவினரும் இதைச் சோதிக்க முனைந்தனர். கடல், ஆறு, காடு, புல்வெளி எனப் பல இடங்களில் பல்லாண்டுகளாக எடுக்கப்பட்ட 100 கணக்கெடுப்புத் தொடர்களைத் திரட்டி ஆராய்ந்து, 2014-இல் முடிவை வெளியிட்டனர்.

முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. சில இடங்களில் எண்ணிக்கை குறைந்திருந்தது. சில இடங்களில் கூடியிருந்தது. மொத்தத்தில் ஒரே சீரான வீழ்ச்சி காணப்படவில்லை. ஆனால், இனங்களின் பட்டியலோ எதிர்பார்த்ததைவிட மிகுதியாக மாறியிருந்தது. பின்னர் இன்னும் விரிந்த தொகுப்பைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வு, ஓரிடத்தின் இனங்களுள் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை பத்தாண்டுகளில் வேறு இனங்களால் மாற்றப்படுகின்றன என்று கூறியது. பிளாரிடாவின் சேற்றில் ஆறு தீவுகளிடையே கண்ட எண்ணுக்கும் பெயருக்கும் இடையிலான வேறுபாடு, இப்போது உலகப் பதிவேட்டிலும் தெரிந்தது.

இதனைக் கேட்டு, கவலைப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதல் கொள்வது தவறு. ஓர் ஏரியில் அந்த ஏரிக்கே உரிய ஐந்து மீனினங்கள் மறைந்து, எங்கும் பரவும் ஐந்து அயல் மீன்கள் புகுந்தால், ஏரியின் எண்ணிக்கை மாறாது. உலகமோ ஐந்து இனங்களை இழந்திருக்கலாம். ஊர்தோறும் அதே ஐந்து புகுமானால், எல்லா ஏரிகளும் ஒன்றுபோல் ஆகிவிடும். மேலும், மேற்கூறிய ஆய்வுகளுக்கு எதிராக வேறு சில அறிஞர்கள் நியாயமான தடைகளை எழுப்பினர். நெடுங்காலக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. உயிர்வளம் மிக்க வெப்ப மண்டல நாடுகளிலிருந்து கிடைப்பவை மிகக் குறைவு. வயலாகவோ கட்டடமாகவோ முழுவதும் மாற்றப்பட்டுவிட்ட இடங்களில் கணக்கெடுப்பைத் தொடர்வோர் அரிது. ஆகவே, அங்கு நேர்ந்த இழப்பு தொகுப்பில் தெரியாது. இந்த வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

தொடங்குவோருக்கு

உயிரினப் பன்மையின் மாற்றத்தை ஆராய வரும் இளைஞருக்கு ஓர் இக்கட்டு உண்டு. அவருக்குக் கிடைப்பது மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். இயற்கையின் மாற்றமோ பல பத்தாண்டுகளில் விரிவது. சிம்பர்லாஃப் தீவைச் சிறிதாக்கி இவ்விக்கட்டைக் கடந்தார். இன்றைய இளைஞர்கள் முன்னோர் எழுதி வைத்த குறிப்பேடுகளைத் தேடி எடுத்து, அதே இடத்துக்குச் சென்று, அதே முறையில் மீண்டும் கணக்கெடுத்து இதைக் கடக்கின்றனர். அவர்களுடைய வேலையில் பெரும்பகுதி கணிப்பொறியின்முன் நடக்கிறது என்றாலும், கணிப்பொறிக்குள் செல்லும் ஒவ்வொரு பெயரும் எவரோ ஒருவர் வெயிலில் நின்று எழுதியதே.

எனவே, எழுதுவோர் இல்லாத இடத்துக்கு எதிர்காலத்தில் ஒப்பீடும் இல்லை. நம் நாடு வெப்ப மண்டல நாடு. பதிவேட்டில் வெற்றிடமாகக் கிடக்கும் பகுதிகளுள் நம்முடைய ஏரிகளும் குறுங்காடுகளும் கழிமுகங்களும் அடங்கும். அண்மை ஆண்டுகளில் பொங்கல் விடுமுறை நாள்களில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆர்வலர்களும் மாணவர்களும் சேர்ந்து பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். இது நல்ல தொடக்கம்.

இதற்குக் கூடாரமோ நச்சுவாயுவோ தேவையில்லை. ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஊர் ஏரியாகவோ, பள்ளி வளாகத்திலுள்ள ஓர் ஆலமரமாகவோ இருக்கட்டும். நாள், நேரம், பார்த்த கால அளவு ஆகியவற்றைத் தவறாமல் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே நேரம், அதே முறையில் பாருங்கள். 'பறவைகள் பன்னிரண்டு' என்று எழுதி நிறுத்திவிடாமல், பன்னிரண்டின் பெயரையும் எழுதுங்கள். பெயர் தெரியாததை ஊகித்து எழுதாமல், அதன் அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, தெரிந்தவரிடம் கேளுங்கள். இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து, இன்று பிறந்திராத ஒரு மாணவர் அந்த ஏரிக்கரையில் வந்து நின்று, இங்கு முன்பு எவை இருந்தன என்று கேட்கக்கூடும். அவர் கையில் கொடுக்க உங்கள் குறிப்பேடு ஒன்று இருக்கட்டும்.